தையற்காரியின் முடிச்சு

மேடைக்கு மேலே தொங்கும் பலகை நிலா ஒரு விரற்கடை கீழே இறங்குகிறது. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. திரை ஓரத்தில் நிற்கும் தையற்காரி மட்டும் பார்க்கிறாள். நாடகக் குழுவில் கயிறு இழுப்பவர் காய்ச்சலில் படுத்துவிட, "நான் கட்டுறேன், இதென்ன பெரிய வித்தையா?" என்று முன்வந்தவள் அவள்தான். தைத்து முடித்த நூலுக்குப் போடும் முடிச்சையே கைப்பழக்கத்தில் நிலாவுக்கும் போட்டிருக்கிறாள். அது இப்போது கண்ணெதிரே நெகிழ்கிறது. இரண்டு கைகளாலும் கயிற்றைப் பற்றிக்கொள்கிறாள். நிலாவைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் பாரம் உள்ளங்கையை அறுக்கிறது. நிலாவுக்கு நேர் கீழே, அவள் தைத்த சிவப்பு அங்கியில், ராஜாவாக அவள் வீட்டுக்காரர்.

எதிர் ஓரத்தில் வசனத் தாளோடு உட்கார்ந்திருக்கும் மருந்துக்கடைக்காரரைப் பார்த்து, "அண்ணே, கயிறு நழுவுது" என்கிறாள், அடித்தொண்டையில். அவர் உதட்டில் விரல் வைத்து முறைக்கிறார். கத்தலாம். கத்தினால் ராஜா நின்ற இடத்திலேயே நின்று அண்ணாந்துதான் பார்ப்பார். அவர் வசனத்தில் இன்னும் நாலே வரி. வீட்டில் கேட்டுக் கேட்டு அவளுக்கும் மனப்பாடம். மூன்று. வியர்வையில் கயிறு வழுக்குகிறது. இரண்டு. நிலா இன்னும் ஒரு சாண் இறங்குகிறது. ஒன்று. வசனம் முடிந்து அவர் நகர்கிறார். அவளுக்கு மூச்சு வருகிறது.

கைதட்டல் கூரையைப் பிளக்கிறது. "ஒன்ஸ் மோர்!" என்கிறது முன்வரிசை. அவர் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி, அவள் சாக்பீஸால் போட்டுக்கொடுத்த அதே குறியில் வந்து நின்று, முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிறார்.