மூன்று பேட்டரி

கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டைக் கடையில் பழைய லேப்டாப் ஒன்றை நளினி மடியில் வைத்துப் பார்த்தாள்.

"இதான் லேசா இருக்குது. இன்னாங்க சொல்றீங்க?"

"நோட்டே போதும் நளினி" என்றான் வாசு.

"தெனம் பெங்களூர் ஆபீசுக்குப் போறப்ப ஆடற ரயில்ல எழுதறது உங்களுக்கே அப்புறம் புரியறதில்ல. பெரிய கதாசிரியர்!"

கடைக்காரர் சிரித்தார். "பேட்டரி ரெண்டு மணி நேரம் நிக்கும். பெங்களூர் போயிடலாம். ஆபீஸ்ல சார்ஜ் போட்டா வர்றப்பவும் எழுதலாம் சார்."

"ஆபீஸ்ல என் சீட்டுகிட்டயே பிளக் இருக்குது" என்றான் வாசு அவசரமாக.

"இன்னும் ரெண்டு பேட்டரி சேத்துக் குடுங்கண்ணே" என்றாள் நளினி.

கடைக்காரர் உள்ளே போனதும் வாசு கடுகடுத்தான். "ரெண்டு எதுக்கு? ஆபீஸ்ல பிளக் இருக்குதுன்னு சொன்னேன்ல?"

நளினி அவன் முகத்தைப் பார்க்காமல் லேப்டாப்பை மூடினாள்.

"பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பெஞ்சுல ஏதுங்க பிளக்? போன மாசம் ஒரு நாள் உங்க பின்னாலயே அதே வண்டில வந்தேன். சாயங்காலம் வரைக்கும் அங்கதான் உக்காந்திருந்தீங்க."

வாசு அவள் பக்கம் திரும்பினான். "தெரிஞ்சுமா தெனம் சோறு கட்டிக் குடுத்தே?"

"அப்பாவுக்கு பெங்களூர்ல வேலைன்னு நம்பித்தான் நம்ம பொண்ணக் கேட்டு வர்றாங்க" என்றாள் நளினி. "கல்யாணம் முடியற வரைக்கும் அதே வண்டிக்குப் போங்க."