நடுவுல ஒரு நீலத் துண்டு

நிறைமாசக்காரி வெண்ணிலா பிளேடும் கையுமாகத் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அம்மணிக்குப் பகீரென்றது. வெண்ணிலாவின் மடியில் குழந்தைப் போர்வை. காலையில்தான் அம்மணி அதைத் தன் மெஷினில் அடித்து முடித்து, இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

"இன்னாடி பண்ற? அத்த ஏன் பிரிக்கிற?"

வெண்ணிலா தலை நிமிரவில்லை. போர்வையின் நட்டநடுவில் இருந்த நீலத் துண்டின் தையலை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"அது உன் வூட்டுக்காரரு துணிடி" என்றாள் அம்மணி.

"தெரியும்க்கா. அதனாலதான் பிரிக்கிறேன்."

நல்லது செய்யப் போய் இப்படியா ஆகணும்? அம்மணிக்கு ஆற்றாமையாக இருந்தது.

செம்பாக்கம் ஏரிப் பக்கம் அந்த வீட்டில் அம்மணிக்கு முன் போர்ஷன், வெண்ணிலாவுக்குப் பின் போர்ஷன். வயிறு தெரிய ஆரம்பித்த சமயத்தில் வெண்ணிலா இங்கே தனியாகக் குடிவந்தாள். மூத்தது ரெண்டும் கோவளத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தன. புருஷன் துளுக்காணம் கடலுக்குப் போகிறவன். ஞாயிற்றுக்கிழமை மீனோடு வருவான், சாயங்காலம் கிளம்பிவிடுவான். ஏன் தனியாக இருக்கிறாய் என்று கேட்டால், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் என்பாள் வெண்ணிலா.

செக்கப்புக்கு மட்டும் பெருங்களத்தூரிலிருந்து ஜெயஸ்ரீ மேடத்தின் கார் வந்துவிடும். மேடமே கூட வருவாள், கையைப் பிடித்துப் படியிறக்குவாள், மாதுளம்பழம் உரித்துக் கொடுப்பாள். மேடத்தின் வீட்டில் வெண்ணிலா வேலை செய்தவள் போலிருக்கிறது என்று அம்மணியாகவே நினைத்துக்கொண்டாள். வேலைக்காரியை இப்படித் தாங்குகிற முதலாளியம்மா தனக்கு வாய்க்கவில்லையே என்று கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு.

போர்வைக்குத் துணியும் அங்கிருந்துதான் வந்தது. மேடத்தின் வீட்டுக்காரருடைய பழைய டி-ஷர்ட்டுகள், ஒரு பை நிறைய. நாவலூர் கம்பெனி பேர் போட்டது, காலேஜ் பேர் போட்டது, காலர் நைந்தது. எல்லாம் துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகியிருந்தன.

"நாந்தான்க்கா கேட்டு வாங்கினேன்" என்றாள் வெண்ணிலா அன்றைக்கு.

"கேட்டு வேற வாங்கினியா? நல்லா கீதுடி. பொறந்த புள்ளைக்குப் புதுத்துணி ஆவாது, பழசுதான் போத்தணும், சரி. அது பெத்த அப்பன் துணியா இருக்க வாணாமா? ஊரான் துணியில எவனாவது புள்ளையச் சுத்துவானா?"

"இதுவே போதும்க்கா."

"பேராச்சும் யோசிச்சு வெச்சியா?"

"அத்த அவங்க பாத்துப்பாங்க."

இடுப்பு வலியோடு வெண்ணிலா சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுத்தாள். அம்மணிக்குத்தான் மனசு கேட்கவில்லை. போன ஞாயிறு துளுக்காணம் கொடியில் விட்டுப்போன நீல டி-ஷர்ட் ஒன்று கிழிசலோடு தொங்கியது. அதில் ஒரு துண்டு வெட்டி, யாருக்கும் சொல்லாமல் நடுவில் வைத்துத் தைத்துவிட்டாள். பார்த்ததும் பெண் குளிர்ந்துபோவாள் என்று நம்பினாள்.

இப்போது அந்தத் துண்டு தனியாக வந்துவிட்டது. வெண்ணிலா அதைக் கசக்கி முகத்தில் ஒத்திக்கொண்டாள். அப்புறம் தலையணைக்கு அடியில் பத்திரமாக வைத்தாள்.

"ரெண்டு பேருக்கும் எதுனா சண்டையா?" அம்மணி குரலைத் தாழ்த்தினாள். "அந்தாளு உன்ன சந்தேகமா எதுனா கேட்டுட்டாரா?"

"சேச்சே. அவரு தங்கம்க்கா."

"பின்ன?"

"பையில இன்னும் ஒரு டி-ஷர்ட்டு கீது. அதுல வெட்டி இந்த ஓட்டைய அடைச்சுக் குடுக்கா. நாளைக்குக் காலையில ஆப்பரேசன். மேடம் வந்து பாத்தா, வேற துணி இன்னாத்துக்குன்னு போர்வையவே வாணாம்னுட்டா நான் இன்னா பண்ணுவேன்? நான் குடுக்குறதுன்னு புள்ளகூட போறது இது ஒண்ணுதான்."

அம்மணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லாத்தாண்டி கீது உன் நாயம். மேடத்துக்கு பயந்துகினு அப்பன் துணி ஒண்ணுகூட இல்லாம புள்ளையப் போத்துவியா?"

"அப்பன் துணி கீதுக்கா." வெண்ணிலா மடியில் கிடந்த துண்டுகளைத் தடவினாள். கம்பெனி பேர், காலேஜ் பேர், நைந்த காலர். "இது அத்தினியும் அதான்."

அம்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் புத்தி எங்கெங்கோ போனது.

"அப்பிடிப் பாக்காதக்கா. அந்த சார்கிட்ட நான் ஒரு வார்த்த பேசினதில்ல. அவரோடதும் மேடத்தோடதும் சேத்து கருவாக்கி, டாக்டரம்மா எனக்குள்ள வெச்சாங்க. நாளைக்குப் பொறந்ததும் எடுத்துகினு போயிடுவாங்க, எங்கண்ணுலகூட காட்ட மாட்டாங்க."

உள்ளேயிருந்து ஒரு உதை. வெண்ணிலா போர்வையை எடுத்து அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"வயிறு மட்டுந்தான்க்கா என்னுது."