திருப்பி அடிக்கும் பட்டன்

"கோடிங் தெரியாதவங்களும் கேம் பண்ணலாம்னு காசு குடுத்து ஒரு சாப்ட்வேரை வாங்கியிருக்கியே ஏளா, அதுல என்ன பிரயோஜனம்?" என்றான் தங்கதுரை.

"ஆடிப் பாத்துட்டுச் சொல்லுங்க," என்று மனைவி இந்துமதி லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

திரையில் ஒரு சமையலறை. அதில் ஒரு பெண். அவளாகத்தான் அவன் ஆட வேண்டும். கதவை எட்டி உதைத்துக்கொண்டு முகமில்லாத ஒருவன் வந்தான். பெல்ட்டால் விளாசினான். தலைமயிரைப் பிடித்து மண்டையைச் சுவரில் மோதினான். திரையெல்லாம் ரத்தம் வழிந்து ஆட்டம் முடிந்தது.

ஏழு கட்டம் ஆடி, ஏழிலும் அடிபட்டே செத்தான் தங்கதுரை. அவனுக்கு வெறி ஏறியது.

"திருப்பி அடிக்க எதை அமுக்கணும்?"

"இதுவரைக்கும் அப்படி ஒரு பட்டன் கிடையாது."

எட்டாவது கட்டத்தில் அந்த முகமில்லாதவன் கழுத்தில் மாலையோடு வந்தான். ஓரமாய்ப் பாய் விரித்துப் பேசாமல் படுத்துக்கொண்டான்.

"இப்ப மட்டும் ஏன் அடிக்கல?"

"குலசை தசராவுக்குக் காளி வேஷம் கட்டுதான்லா. விரதம் முடிஞ்சு மாலையைக் கழத்துத வரைக்கும் கை நீட்ட மாட்டான்."

தங்கதுரையின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. நேற்றுத்தான் மாலையைக் கழற்றியிருந்தான்.

"அடுத்த கட்டத்துல அந்தப் பட்டனை வச்சிருக்கேன்," என்றாள் இந்துமதி. "அமுக்குங்க."