ஏழு இருபதுக்கு ஒரு பதிவு

கம்ப்யூட்டரிலிருந்து அய்யம்பெருமாள் பேரை மலர்கொடிதான் அழித்துவிட்டாள் என்று சர்க்கரை ஆலையின் கரும்பு ஆபீஸே முடிவு கட்டிவிட்டது. கம்ப்யூட்டரில் பேர் பதிகிற வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம்தான், இன்னும் நிரந்தரம்கூட ஆகவில்லை. அவளை வீட்டுக்கு அனுப்பும் மெமோ டைப் ஆகி, கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது.

அய்யம்பெருமாள் லேசுப்பட்ட ஆளில்லை. குன்னம் பக்கம் கிணத்துப் பாசனத்தில் ஏழு ஏக்கர் கரும்பு. அதுபோக, கரும்பு ஆபீசர் குருநாதனுக்கு மாமனார். அஞ்சு வாரமாகக் கரும்பு வெட்டு உத்தரவுப் பட்டியலில் அவர் பேர் வரவில்லை, கரும்பு பூவெடுத்துக் காய்கிறது, ஊரில் தலைகாட்ட முடியவில்லை என்று நடு ஆபீசில் நின்று குதித்தார்.

ஆலையில் வழக்கம் இதுதான். திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு ஜன்னல் திறக்கும், வரிசையில் நிற்கிற முதல் முப்பது பேருக்கு அந்த வாரம் வெட்டு. முப்பத்தோராவது ஆள் அடுத்த திங்கள்வரை கரும்பைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான்.

"மாமா பேரு ஏறுனது எனக்கு நல்லாத் தெரியும்," என்றார் குருநாதன். எப்படித் தெரியும் என்று ஆபீசரை யார் கேட்பது?

மனுஷன் சாஸ்திரத்தில் கெட்டி. திங்கள்கிழமை ஏழரைக்கு ராகுகாலம் வந்துவிடுமே என்று ஏழு இருபதுக்கே வந்து, மிஷினுக்குச் சூடம் காட்டி, மலர்கொடியை எழுந்திருக்கச் சொல்லி, பதிவைத் தானே தொடங்கி, முகூர்த்தத்துக்கு என்னவோ தட்டிவிட்டு டீக்குப் போவார். 'முதலில் பெரிய டிஸ்க்கை மிஷினோடு சேர், பிறகுதான் பதிவைத் தொடங்கு' என்று சுவரில் ஒரு அட்டை தொங்கியது. அதை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அவர் தலை மறைந்ததும் மலர்கொடி உட்கார்ந்து, டிஸ்க்கைச் சேர்த்து, பதிவை முதலிலிருந்து தொடங்குவாள்.

மெமோவைப் பார்த்து அவள் அழவில்லை. திருச்சியிலிருந்து இன்ஜினியர் வரட்டும், எல்லார் முன்னாடியும் பார்க்கட்டும், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள் என்றாள். நெஞ்சழுத்தக்காரி என்று ஆபீசே முணுமுணுத்தது.

இன்ஜினியர் வந்தார். மாமனாரும் வந்தார், ஜன்னலோரம் விவசாயிகளும் கூடிவிட்டார்கள். மிஷினைக் கொஞ்ச நேரம் நோண்டிவிட்டு, பேரை யாரும் அழிக்கவில்லை என்றார் இன்ஜினியர்.

டிஸ்க்கைச் சேர்க்கும் முன்னால் எழுதினது எல்லாம் அடியில் தங்கிவிடுமாம், பிறகு சேர்க்கிற டிஸ்க் அதன்மேல் மூடிக்கொள்ளுமாம். களத்தில் கொட்டின வெங்காயத்தின்மேல் தார்ப்பாயை விரித்த மாதிரி, வெங்காயம் எங்கேயும் போகாது, பார்க்கிறவனுக்குத் தார்ப்பாய்தான் தெரியும். அது எல்லாருக்கும் விளங்கியது.

சொல்லிவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கினார். அஞ்சே அஞ்சு வரி இருந்தது, அஞ்சும் அய்யம்பெருமாள். இன்ஜினியர் விவரம் தெரியாமல், பக்கத்திலிருந்த நேரத்தையும் சத்தமாகப் படித்துத் தொலைத்தார்: ஏழு இருபத்திரண்டு, ஏழு இருபத்தி நாலு, ஏழு இருபது...

ஜன்னலோரம் நின்ற ரெங்கம்மாள் போன திங்கள் முப்பத்தோராவது ஆளாகத் திரும்பிப் போனவள். "சன்னலு எட்டு மணிக்குத்தானங்க தொறக்கும்?" என்றாள். "இவரு எந்த வழியா வந்து பேரு குடுத்தாரு?"

அய்யம்பெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். குருநாதன் மெமோவை நாலாக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வேர்த்துக் கொட்டியது பாவம்.

எல்லாரும் போனபிறகு அவருக்கு ஆற்றாமை தாங்கவில்லை. மலர்கொடியிடம் வந்தார்.

"ஏம்மா, எது மொத, எது பின்னன்னு அட்டையில அவ்வளவு தெளிவாப் போட்டிருக்கு. நான்தான் பாக்கல, நீயாவது ஒரு தடவ படிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?"

மலர்கொடி மிஷினுக்கு உறையைப் போட்டு மூடினாள்.

"படிக்கிறதென்ன சார், அத எழுதி மாட்டுனதே நான்தான்."