அரியமுத்து கேட்ட குட்டி

"மூணாவது வூட்டு நாய் குரைச்சாலே சண்டைக்குப் போற மனுஷன், குட்டிக்கு அட்வான்ஸ் கட்டியிருக்காராம்! கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்னு பஸ் ஏறிட்டேன்."

பூங்காவனம் சிரித்துக்கொண்டே கம்பிக்கூண்டுக்கு முன் உட்கார்ந்தாள். முப்பது வருஷமாகக் கேட்டும் அவள் கணவர் அரியமுத்து சம்மதிக்காத நாய்க்குட்டி.

நாய் வளர்த்து விற்கும் கலைமணி, சாதுவான ஒரு வெள்ளைக் குட்டியை அவள் மடியில் வைத்தாள்.

"எனக்கு அந்தக் கறுப்புதான் பிடிச்சிருக்கு. என்னா துள்ளு துள்ளுது!"

"அது வேணாங்க்கா. ஒத்தையில உங்களால சமாளிக்க முடியாது. சார் மூணு தடவை வந்து பாத்துதான் இதைப் பிடிச்சு வெக்கச் சொன்னாரு."

"ஒத்தையிலயா? அவரு எங்க போறாராம்? வாக்கிங் போறப்ப அவரே இழுத்துக்கிட்டுப் போவட்டும்."

கலைமணி அவள் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா... சார் உங்ககிட்ட சொல்லலையா?"

"எதை?"

"தை மாசம் தாண்ட மாட்டாருன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்களாமே. அதுக்கப்புறம் உங்களுக்கு வூட்டுல துணைக்கு ஒரு உசுரு வேணும்னு சொன்னாரு."

மடியில் குட்டி தூங்கிவிட்டிருந்தது.

"எந்த வருஷத் தை?" என்று கேட்டாள் பூங்காவனம்.