சிவப்பு ஸ்டிக்கர்

ரோஸ்மேரி பெற்றெடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். ஜன்னல் வெயில் அவள் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கரில் விழுகிறது, அவளுக்கு எச்.ஐ.வி. இருப்பதை அது வார்டுக்கே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆயா எட்ட நின்று தரையில் வைத்துப்போன டீ ஆடை கட்டிக் கிடக்கிறது. அவளுடைய நஞ்சுக்கொடிக்கு மட்டும் ராஜ மரியாதை. ஆராய்ச்சி மாணவி அதை இரு கைகளாலும் ஏந்தி ஐஸ் பெட்டிக்குள் மெல்ல இறக்குகிறாள். "கிருமி கொழந்தைகிட்டப் போகாம இதுக்குள்ள உங்க உடம்பு எப்படிக் காவல் நிக்குதுன்னு பாக்கத்தானுங்க்கா," என்கிறாள். ரோஸ்மேரி தலையாட்டுகிறாள். ஒன்பது மாதத்தில் ஒரு வேளை மாத்திரைகூட அவள் தவறவிட்டதில்லை. அப்போது இன்னொரு ஸ்டிக்கரோடு நர்ஸ் நிர்மலா வருகிறாள். இரட்டை உறை மாட்டிய கை குழந்தையைச் சுற்றிய துணியை நோக்கி நீள்கிறது.

"பிள்ளைக்கு என்னத்துக்கு? அவனுக்கு இன்னும் டெஸ்டே எடுக்கலயே."

"எடுக்காட்டி என்னங்க, தொடறவங்களுக்குத் தெரியோணுமில்லீங்களா?"

ரோஸ்மேரி நிர்மலாவின் விரலிலிருந்து அந்த ஸ்டிக்கரை நகநுனியால் பறிக்கிறாள். நாளெல்லாம் துணியில் ஒட்டிப் பழகிய விரல்கள், ஓரம்கூடக் கிழியவில்லை. நீண்ட அந்தக் கையைப் பிடித்து, உறையின் மேலேயே அழுத்தி ஒட்டுகிறாள்.

"எங்க கம்பெனில, பழுது எங்க இருக்கோ அங்கதான் சிஸ்டர் இத ஒட்டுவோம்."