நாற்பது மில்லி

மரம் அறுக்கும் பெட்ரோல் ரம்பங்கள் இரண்டு ஒரே கொட்டகையில் இருந்தன. ஒன்று பழசு, ஒன்று புதுசு. "என்ன அண்ணே, ஈர விறகு வச்ச அடுப்பு மாதிரி இப்படிப் புகையுறீங்க?" என்று புதுசு சிரித்ததிலிருந்து பழசுக்கு மனசே சரியில்லை.

"இன்னைக்கு எனக்கும் அவனுக்கு ஊத்துற கலவையையே ஊத்து" என்றது பெட்ரோல் கேனிடம்.

"அவனுக்கு லிட்டருக்கு இருபது மில்லி ஆயில் போதும். உனக்கு நாற்பது வேணும். ஆயில் குறைஞ்சா புகை குறையும், ஆனா பிஸ்டன் இறுகிப் பிடிச்சுக்கும், அப்புறம் காயலான் கடைதான்" என்றது கேன்.

"பிடிச்சா பிடிக்கட்டும். இனி அவன்கிட்ட பேச்சு வாங்க முடியாது."

அந்த நேரம் தோப்புக்கு வேலைக்குப் போயிருந்த புதுசின் அலறல் கேட்டது. "அண்ணே! சாய்ஞ்சு கிடந்த புளியமரத்தை அறுத்தேன். பாதியிலேயே என்னைக் கவ்விக்கிச்சு! மரம் என் மேல உருளப் பாக்குது!"

பழசின் வீம்பு போன இடம் தெரியவில்லை. "நாற்பதே ஊத்து, சீக்கிரம்!"

புகையைக் கக்கிக்கொண்டே ஓடி, பக்கத்தில் ஒரு வெட்டுப் போட்டுப் புதுசை விடுவித்தது. அதன்பிறகுதான் அந்தக் கேலி நினைவு வந்து, கூச்சத்தோடு புகைக்குழாயை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"இந்தப் பக்கமே விடுங்க அண்ணே" என்றது புதுசு. "தோப்பு முனையில இந்தப் புகையைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு."